அக்கா கடை மலிவா, தங்கை கடை மலிவா?

கேள்வி: நானும் என் அக்காவும் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறோம். வீட்டுச் சாமான்களை நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலும் அவர் இன்னொன்றிலும் வாங்குகிறோம். எது மலிவு என்பதில் ஓயாத வாக்குவாதம். போன மாதம் உட்கார்ந்து கணக்கே போட்டுவிட்டோம். என் பில்லில் 8000க்கு வாங்கிய சாமான்களை அக்கா கடை விலையில் கூட்டினால் 8480 வந்தது. அக்கா 8000க்கு வாங்கியதை என் கடை விலையில் கூட்டினால் 8400! என் கணக்குப்படி என் கடை மலிவு, அவர் கணக்குப்படி அவர் கடை மலிவு. யார் கணக்கு தப்பு? இதற்கிடையில் கார்டு, பாயிண்ட், ஆஃபர் என்று மூன்றாவதாக ஒரு கடையும் வந்துவிட்டது. முறையாக ஒப்பிடுவது எப்படி?

பதில்: இரண்டு பேர் கணக்கும் சரிதான். இதில் குழப்பமே வேண்டாம்.

ஒரே கடையில் வருடக்கணக்கில் வாங்கினால், அங்கே எது சகாயமோ அதன் பக்கம் கை தானாகப் போகும். அங்கே சலவைத்தூள் விலை கூடுதல் என்றால் சின்னப் பாக்கெட்டோடு நிறுத்திக்கொள்வீர்கள். பிஸ்கட் மலிவு என்றால் இரண்டு பாக்கெட் கூடவே விழும். நாளடைவில் உங்கள் பில் அந்தக் கடைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. அதைக் கொண்டுபோய் இன்னொரு கடையின் விலையில் கூட்டினால் அங்கே கூடுதலாகத்தான் வரும். அக்கா பில்லுக்கும் இதே கதைதான்.

விலைவாசிக் குறியீடு போடுகிறவர்களுக்கு இது பழைய தலைவலி. 1871இல் லாஸ்பேர் என்ற ஜெர்மானியர் பழைய காலத்துக் கூடையை, அதாவது அப்போது வாங்கிய சாமான்களின் பட்டியலை, வைத்து இரண்டு காலத்து விலைகளை ஒப்பிட்டார். 1874இல் பாஷே என்பவர் புதிய காலத்துக் கூடையை வைத்து ஒப்பிட்டார். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 1922இல் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதே சிறந்த வழி என்று வாதிட்டார். காலத்துக்குப் பதில் கடை என்று வைத்துக்கொண்டால் உங்கள் வழக்குக்கும் அதுவே தீர்ப்பு.

உங்கள் கூடைப்படி அக்கா கடை 8480 ÷ 8000 = 1.06 மடங்கு. அக்கா கூடைப்படி அதே கடை 8000 ÷ 8400 = 0.952 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 1.0095. அதன் வர்க்கமூலம் 1.0048. அதாவது, அக்கா கடை உங்கள் கடையைவிட அரை சதவீதம்கூட அதிகமில்லை. 8000க்கு 38தான் வித்தியாசம். இதற்குப் போய் சண்டை போட வேண்டியதில்லை.

ஆனால் கடைகள் சமம் என்பதால் ஒப்பிடுவது வீண் வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மொத்தம் சமமாக இருந்தாலும் உள்ளே சாமானுக்குச் சாமான் விலை தாறுமாறாக இருக்கும். லாபம் அங்கேதான் கிடக்கிறது. அதை எடுப்பதற்கு ஒழுங்கான ஒரு பட்டியல் வேண்டும்.

இரண்டு வீட்டிலும் நான்கு வாரப் பில்களைச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் மாதம் எத்தனை கிலோ, எத்தனை லிட்டர், எவ்வளவு பணம் என்று எழுதி, பணம் அதிகம் போகும் வரிசையில் அடுக்குங்கள். முதல் 25 சாமான்கள் போதும். செலவின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். இரண்டு வீட்டு அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் பொதுக்கூடை தயார். இது எந்தக் கடைக்கும் தைத்த சட்டை இல்லை என்பதால் மூன்றாவது கடையையும் இதை வைத்தே நியாயமாக அளக்கலாம். பட்டியலில் பிராண்டுக்குப் பதிலாகத் தரத்தை எழுதுங்கள்: 'சலவைத்தூள், மெஷினுக்கு', 'பால், முழுக்கொழுப்பு' என்று. எந்தச் சாமானில் பிராண்டை மாற்றவே மாட்டீர்களோ அதற்கு மட்டும் பிராண்டைக் குறித்தால் போதும்.

மாத அளவை விலைக்குப் பக்கத்தில் எழுதாமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஒரு சின்ன உதாரணம். உப்பு கிலோ உங்கள் கடையில் 20, அக்கா கடையில் 14. பால் லிட்டர் உங்கள் கடையில் 50, அக்கா கடையில் 52. சதவீதம் மட்டும் பார்த்தால் உப்பில் அக்கா கடை 30% குறைவு, பாலில் 4% கூடுதல். சராசரி எடுத்தால் அக்கா கடை 13% மலிவு என்று வரும்! ஆனால் மாதத்துக்கு உப்பு 1 கிலோ, பால் 30 லிட்டர் என்றால் உப்பில் மிச்சம் 6, பாலில் நஷ்டம் 60. கையிலிருந்து 54 கூடுதலாகப் போயிருக்கிறது. 'பத்துச் சாமானில் ஏழு இங்கேதான் மலிவு' என்ற பேச்சும் இதே ரகம். எண்ணிக்கையை வைத்துக் கடையைத் தீர்மானிக்க முடியாது.

25ஓடு நிறுத்தாமல், விலை ஞாபகமே இல்லாத ஐந்தாறு சாமான்களையும் பட்டியலில் சேருங்கள். பாத்திரம் தேய்க்கும் நார், குப்பைப் பை, பேட்டரி, மிளகு, பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி. ஏனென்றால் பால், முட்டை, சர்க்கரை, ரொட்டி இவற்றின் விலை வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடம் என்பது கடைக்காரர்களுக்கும் தெரியும். அந்த நாலைந்தில் போட்டிக் கடையைப் பார்த்துப் பார்த்து விலையை ஒட்டியே வைப்பார்கள். சில சமயம் நஷ்டத்துக்கே கொடுப்பார்கள். விட்ட காசை நாரிலும் பேட்டரியிலும் பிடிப்பார்கள். பாலையும் முட்டையையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஊரிலுள்ள எல்லாக் கடையும் ஒரே விலையாகத்தான் தெரியும்.

அடுத்தது அலகு விலை. பாக்கெட் விலையை எழுதவே எழுதாதீர்கள். விலையை நிகர எடையால் வகுத்து, கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். கடையில் விற்கும் சாமான்களுக்கு அலகு விலையையும் அலமாரியில் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1998இலேயே சட்டம் செய்தது. ஆஸ்திரேலியாவில் பெரிய கடைகளுக்கு 2009 முதல் இதற்கு விதி இருக்கிறது. உங்கள் கடை விலைச்சீட்டில் இருந்தால் வசதி. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு பிராண்டுக்கு 100 கிராமுக்கும் பக்கத்து பிராண்டுக்குக் கிலோவுக்கும் போட்டிருப்பார்கள். ஆஃபர் சீட்டில் பழைய அலகு விலை அப்படியே தொங்கிக்கொண்டும் இருக்கும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் வேண்டாம். 500 கிராம் பாக்கெட் இரண்டைவிட 1 கிலோ பாக்கெட் விலை கூடுதலாக இருப்பது அபூர்வமில்லை, அதுவும் சின்னப் பாக்கெட்டுக்கு ஆஃபர் ஓடும் வாரத்தில்.

பாக்கெட்டின் எடையையும் எழுதிவைத்தால் இன்னொரு திருட்டும் பிடிபடும். விலை அப்படியே இருக்க, 1 கிலோ பாக்கெட் 900 கிராமாகச் சுருங்கினால் உண்மையில் விலை 11% ஏறியிருக்கிறது. 2016இல் பிரிட்டனில் டோப்ளரோன் சாக்லேட்டின் முக்கோணப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அகலமாக்கி 400 கிராம் கட்டியை 360 கிராமாக்கினார்கள். பெரிய கூச்சல் எழுந்தது. இடைவெளி பளிச்சென்று தெரிந்ததால் அது மாட்டிக்கொண்டது; சலவைத்தூள் பாக்கெட்டில் யாருக்குத் தெரியும்? பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், இப்படிச் சுருங்கிய சாமான்களுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் அறிவிப்பு வைக்க வேண்டும். மற்ற இடங்களில் உங்கள் நோட்டுதான் அறிவிப்புப் பலகை.

சில சாமான்களுக்கு நிகர எடையும் போதாது. சமையல் எண்ணெயை ஒரு கடை லிட்டரிலும் இன்னொரு கடை கிலோவிலும் விற்கும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 915 கிராம்தான் இருக்கும். லிட்டர் 150, கிலோ 160 என்றால் முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் கிலோ பாக்கெட்டில் லிட்டர் விலை 160 × 0.915, அதாவது சுமார் 146. இரண்டாவதுதான் மலிவு. டின்னில் வரும் கடலை, காளான், மீன் வகைகளுக்கு நிகர எடையைவிட நீரை வடித்த பின் உள்ள எடையைப் பாருங்கள். இரண்டு எண்களும் லேபிளில் இருக்கும். 400 கிராம் டின் ஒன்று 60, வடித்த எடை 240 கிராம். இன்னொன்று 62, வடித்த எடை 260 கிராம் என்றால் 100 கிராம் கடலை முதலாவதில் 25, இரண்டாவதில் 23.8. விலை கூடுதலாகத் தெரிந்த டின்தான் மலிவு. உறைய வைத்த மீன், இறாலின் மேல் பனிப்பூச்சு இருக்கும். லேபிளில் பூச்சு நீக்கிய எடை இருக்கிறதா என்று தேடுங்கள். சலவைத் திரவத்துக்கு லிட்டரை விட்டுவிட்டு எத்தனை முறை துவைக்கலாம் என்று பார்க்க வேண்டும். அடர்த்தியான திரவத்தில் ஒரு மூடி போதும், நீர்த்ததில் இரண்டு மூடி ஊற்றுவோம். டிஷ்யூ சுருளில் சுருளை எண்ணாதீர்கள், தாள்களையும் அடுக்குகளையும் எண்ணுங்கள்.

காய்கறி, பழத்தில் குப்பைக்குப் போவதையும் கழிக்க வேண்டும். தக்காளி கிலோ 40, ஆனால் 15% அழுகிப்போகிறது என்றால் சமையலுக்கு வந்த தக்காளியின் விலை 47. கிலோ 45க்கு வாங்கி 3% மட்டும் வீணானால் 46.4. இரண்டு மூன்று வாரம் வீணானதை எடைபோட்டுக் குறித்துவையுங்கள், போதும். ஒரு கடையின் சரக்கு எவ்வளவு நாள் தாங்கும் என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.

கடையின் சொந்த பிராண்டை இன்னொரு கடையின் சொந்த பிராண்டோடு ஒப்பிடுங்கள். சர்க்கரை, உப்பு, சமையல் சோடா இவற்றில் பிராண்டுக்குத் தனியாகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. ஜாம், சாஸ், ஜூஸ் என்றால் பின்னால் உள்ள பொருள்பட்டியலைப் பாருங்கள். அதிகம் இருப்பது முதலில் வரும் வரிசையில்தான் எழுதியிருப்பார்கள். தக்காளி சாஸில் சர்க்கரை முதலில் வந்தால் அதைத் தக்காளி முதலில் வரும் சாஸோடு சேர்த்து வைத்து விலை பார்ப்பது வீண்.

இனி மூன்றாவது கடை. நிலையான விலைக் கடைக்கும் ஏற்றி இறக்கும் கடைக்கும் வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. சலவைத்தூள் ஒரு கடையில் எப்போதும் 170 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் கடையில் சாதாரண நாளில் 200, ஆறு வாரத்துக்கு ஒரு முறை 150. ஆஃபர் வாரத்தில் மட்டும் வாங்கினால் 150. நடுவில் தீர்ந்து ஓடிப்போய் வாங்கினால் 200. உங்கள் தேவையில் 60% ஆஃபர் விலையில் கிடைத்தால் சராசரி 170க்கு வந்து இரண்டு கடையும் சமமாகிறது. அதற்கு மேல் பிடிக்க முடிந்தால் ஆஃபர் கடை லாபம், முடியாவிட்டால் நிலையான விலைக் கடை லாபம். அதனால் ஒரே நாள் விலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று கடைகளுக்கும் ஒரே நாளில், அல்லது இரண்டு நாள் இடைவெளிக்குள் போய் விலை எடுங்கள். சாதாரண விலை, அன்றைய விலை என்று இரண்டு கட்டங்களில் எழுதுங்கள். இரண்டு வார இடைவெளியில் நான்கு முறை எடுத்தால் ஆறு வாரம் ஓடிவிடும், ஆஃபர் சுழற்சி புரிந்துவிடும்.

ஒரு கடையில் அன்று ஸ்டாக் இல்லாத சாமானை என்ன செய்வது? வெற்றாக விட்டுவிட்டுக் கூட்டினால் அந்தக் கடை பொய்யாக மலிவாகிவிடும். அந்த வரியை எல்லாக் கடைக்கும் சேர்த்து அடித்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே அதற்குப் பதிலாக எதை வாங்கியிருப்பீர்களோ அதன் விலையைப் போடுங்கள். அடிக்கடி ஸ்டாக் இல்லாத கடைக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இன்னொரு கடைக்கு நடக்க வைப்பதும் செலவுதான்.

சுழற்சிக்கு எத்தனை வாரமோ அத்தனை வாரத் தேவையோடு ஒரு வாரம் கூட்டி வாங்கினால் போதும், அலமாரி நிறைய அடுக்க வேண்டாம். சோப்பு, சலவைத்தூள், டின் சரக்கு வைத்தால் இருக்கும். முழுக்கோதுமை மாவு, பொடித்த மசாலா, திறந்த எண்ணெய் எல்லாம் நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும், அல்லது மணம் போய்விடும். ப்ளீச்சிங் திரவம் மூடிவைத்திருந்தாலும் வீரியம் குறைந்துகொண்டே வரும்.

ஆஃபர் வாசகங்களைச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 33% கழிவு. இரண்டாவது பாதி விலை என்றால் 25%தான். '20% கூடுதல் இலவசம்' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் கழிவு 16.7%. 1000க்கு வாங்கினால் அடுத்த முறை 1000க்கு மேல் 100 கழிவு என்பதை 10% என்று நினைக்கிறோம். ஒரு முறைக்கு மட்டும் உள்ள சலுகை என்றால் 2000க்கு 100, ஆக 5%. அந்த இரண்டாவது 1000ஐ எட்ட வேண்டாத சாமானைத் தள்ளுவண்டியில் போட்டால் அதுவும் போயிற்று. கார்டு பாயிண்ட்டை அதைக் கரைக்கும் விலையில் மதிப்பிடுங்கள்: 100க்கு ஒரு பாயிண்ட், நாலு பாயிண்ட்டுக்கு 1 கிடைக்கும் என்றால் கழிவு 0.25%. கார்டு இருந்தால்தான் சில சாமான்களுக்குக் குறைந்த விலை என்றால் அது வேறு விஷயம். கார்டு வாங்கி அந்த விலையையே பட்டியலில் எழுதுங்கள். 'முந்தைய விலை' என்று கோடு போட்டுக் காட்டும் எண்ணை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடந்த 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் அப்படிக் காட்டலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் விதி இருக்கிறது. விதி வர வேண்டிய அளவுக்கு அந்தக் கோட்டில் விளையாட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சேவை என்றால் கட்டணத்தைப் பில்லால் வகுத்துப் பாருங்கள்: 800க்கு 40 என்றால் 5%. செயலியின் விலையும் கடை விலையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, அதனால் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

பில்லைக் கடையை விட்டு இறங்குமுன் பாருங்கள். முழுதும் வேண்டாம், மூன்று இடம் போதும். ஆஃபர் என்று எடுத்த சாமான்: வேறு மணம், வேறு அளவு என்றால் கழிவு விழாது, ஆஃபர் முடிந்தபின் கணினியில் விலை ஏறி, அலமாரியில் பழைய சீட்டு நிற்கும். எடைபோட்ட சாமான்: பெட்டியின் எடையைக் கழித்தார்களா, வெள்ளரிக்கு வேறு காயின் குறியீட்டை அடித்துவிட்டார்களா. எண்ணிக்கை: இரண்டு எடுத்தது மூன்றாக விழுந்திருக்கிறதா. அலமாரிச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துவைத்திருந்தால் கவுன்ட்டரில் பேச்சு சீக்கிரம் முடியும்.

இப்போது உங்கள் இருவருக்கும் மட்டும் உள்ள ஒரு வசதியைச் சொல்கிறேன். தனி ஆளாக இருந்தால், இரண்டாவது கடைக்குப் போக ஆகும் எரிபொருளையும் நேரத்தையும், போன இடத்தில் ஆசைப்பட்டு எடுக்கும் சாமானையும் மிச்சத்தில் கழிக்கச் சொல்லியிருப்பேன். பல வீடுகளில் கழித்தபின் ஒன்றும் மிஞ்சாது. நீங்களோ எப்படியும் ஆளுக்கொரு கடைக்குப் போகிறீர்கள். பொதுக்கூடையில் இரண்டு கடைக்கும் 8%க்கு மேல் விலை வித்தியாசமும், மாத அளவால் பெருக்கினால் 30க்கு மேல் மிச்சமும் தரும் சாமான்களை மட்டும் வட்டமிடுங்கள். பத்துக்கு மேல் வராது. அவற்றில் அக்கா கடையில் மலிவாக இருப்பதை அவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கட்டும், உங்கள் கடையில் மலிவாக இருப்பதை அவருக்கும் சேர்த்து நீங்கள் வாங்குங்கள். மாதக் கடைசியில் பில்லை வைத்து நேர் செய்துகொள்ளலாம். உதாரணத்துக்கு, மாதம் 3 கிலோ சலவைத்தூள் உங்கள் கடையில் கிலோ 220, அக்கா கடையில் 180 என்றால் அந்த ஒரு வரியில் மட்டும் உங்களுக்கு 120 மிச்சம். மொத்தக் கணக்கில் சண்டைக்குக் காரணமாக இருந்த 38ஐவிட அது மூன்று மடங்குக்கு மேல். மூன்றாவது கடைக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஆஃபர் வாரத்தில், யாராவது ஒருவர் போய் வந்தால் போதும்.